இலவசக் காலை உணவு

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டருக்கு எங்கே உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில், தனக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுள் போய்விட்டது. டி.வி.யில் ஒரு கார் வேகமெடுத்தால் சோபாவில் இருக்கிற இவர் தரையை மிதிப்பார். அன்று சகலை வீட்டிலும் மிதித்துக்கொண்டே இருந்தார். ஆனால் டி.வி.யில் கார் எதுவும் ஓடவில்லை. முயல் ஓடிக்கொண்டிருந்தது.

சகலை, மாஸ்டரின் மனைவிக்கு அக்கா புருஷன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளர். நன்றாக இருக்கிற மனிதரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த இரண்டு சகலைகளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஒரு சத்தமில்லாத பந்தயம் நடந்து வந்தது. மாஸ்டர் ஃப்ரிட்ஜ் வாங்கினால் சகலை இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்குவார். மாஸ்டர் வீட்டுக்கு வெள்ளையடித்தால் சகலை வீட்டையே இடித்துக் கட்டுவார். இப்போது சகலையும் அவர் மனைவியும், முயல் வேஷக்காரர்களும் ராட்டினங்களும் நிறைந்த முயல் பூங்கா என்ற கேளிக்கைப் பூங்காவின் ரிசார்ட்டில் தங்கிவிட்டு வந்திருந்தார்கள். அங்கே எடுத்த படங்களையும் வீடியோக்களையும் சகலை ஒவ்வொன்றாக டி.வி.யில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நம்ம ரூம் பால்கனி. அதோ தெரியுது பாருங்க, அதுதான் பூங்கா நடுவுல இருக்கிற கோட்டை. காலையில கண்ணைத் திறந்தா கோட்டை!"

"கூட்டம் எப்படி சகலை?"

"கூட்டமா? அதெல்லாம் மத்தவங்களுக்கு. நமக்குத் தனி வழி."

அடுத்த படத்தில் சகலையும் அவர் மனைவியும் தலையில் நீளக் காதுகளை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மகன் கல்லூரி விடுதியில் இருந்ததால் இந்தக் காட்சியைப் பார்க்கும் துன்பம் அவனுக்கு நேரவில்லை. காபி கொண்டு வந்த அக்கா டி.வி. பக்கமே திரும்பவில்லை. தட்டை வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமா தம்பி?" என்று மாஸ்டரைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒருதடவை போய்ட்டு வாங்க சகலை. புள்ளைங்களுக்கு இதுதான் வயசு. புக் பண்றப்ப மறக்காம என் பேரைச் சொல்லுங்க. நல்லா கவனிப்பாங்க."

திரும்பும் வழியில் மாஸ்டரின் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பயப்படாமல் இருப்பதற்காகப் பேசிக்கொண்டே இருந்து பழகியவள். அவள் பேசாமல் வந்தால், இன்ஜினில் வழக்கமான சத்தம் நின்றதுபோல மாஸ்டருக்குக் கலக்கமாக இருக்கும்.

"என்ன, நாமளும் போகணுமா?" என்றார்.

"நான் கேட்டேனா?"

"கேக்கலை."

"பெரியவ முயல் முயல்னு ராத்திரி தூக்கத்துல உளறுனப்ப போயிருக்கணும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னீங்க. இப்ப அவளுக்கு மீசை வச்ச பாட்டுக்காரங்களைத்தான் புடிக்குது. இன்னும் தள்ளிப் போட்டா குட்டிக்கும் புடிக்காம போயிடும்."

பின் இருக்கையில் காதில் ஒயரோடு இருந்த பெரியவள், "நான் வரலைன்னு சொல்லலையே" என்றாள். அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுக் குட்டி, முயல் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதோடு முடிவாகிவிட்டது.

மாஸ்டர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வருடமும் அவர் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார். இவர் சேர்த்து முடிப்பதற்குள் பூங்காக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். அவர் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்த வேகத்தைவிட அங்கே டிக்கெட் வேகமாக வளர்ந்தது. பிள்ளைகளாவது ஒரு வயதில் நின்றுவிடுவார்கள்.

மறுநாள் மாஸ்டர் ரிசார்ட்டுக்கு போன் போட்டார். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"பார்வை உள்ள ரூம் வேணுமா, பார்வை இல்லாத ரூம் வேணுமா சார்?"

"பார்வை இல்லாததுன்னா ஜன்னல் இருக்காதா?"

"ஜன்னல் இருக்கும் சார். பார்வை இருக்காது."

"அப்ப ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "வண்டி நிறுத்துற இடம் சார்."

"எனக்கு அது போதும்மா. நான் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுறேன்" என்றார் மாஸ்டர்.

ஆனால் அவள் சொன்ன தொகை கடைசித் தொகை இல்லை. ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று தனியாக வந்தது. ரிசார்ட்டில் தங்கத்தானே ரூமுக்குக் காசு, பிறகு அது எதற்கு என்று கேட்டார். அது வசதிகளுக்காக என்றாள். என்ன வசதி என்று கேட்டதற்கு, நீச்சல் குளத்தைச் சுற்றி நடக்கலாம் என்றாள். இறங்குவதற்குத் துண்டு வேண்டும், துண்டு வாடகைக்கு. மாஸ்டர் சகலையின் பேரைச் சொல்லிப் பார்த்தார். தேன் குரலில் இன்னும் கொஞ்சம் தேன் சேர்ந்தது. "ஓ, அவங்க சொந்தமா சார்? ரொம்ப சந்தோஷம். குறிச்சுக்கிட்டேன்." விலை மட்டும் குறையவில்லை.

கோடை விடுமுறை தொடங்கியதும் கிளம்பிப் போனார்கள்.

அறை, குளியலறைக்குத் திரும்பினால் கட்டிலில் இடித்துக்கொள்ளும் அளவில் இருந்தது. மேசைமேல் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் கழுத்தில் விலைச் சீட்டுத் தொங்க நின்றன. குட்டி ஒன்றைத் திறக்கப் போனாள். சீட்டைப் படித்த பெரியவள் பாய்ந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "அதைத் தொடாதடி, அதுக்கு அப்பா வண்டிய விக்கணும்!"

மாஸ்டரின் மனைவி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு ஒருமுறை அவள் இந்தப் பூங்காவுக்கு வந்திருக்கிறாள். அப்போது ரிசார்ட் இல்லை, தனி வழி இல்லை. ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏறலாம். சாயங்காலம் முயல்கள் ஊர்வலமாக வரும். வெள்ளை முயல், சாம்பல் முயல், கண்ணாடி போட்ட வாத்தியார் முயல், குட்டி முயல்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அம்மா முயல் என்று ஒரு குடும்பமே வரும். அதைத்தான் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஊர்வலம் போகும் பாதையில் குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாஸ்டர் நின்றார். மேளச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் இருந்துதான். அதன் பின்னால் ஒரே ஒரு முயல் வந்தது. முதுகில் ஜிப் பாதி திறந்திருந்தது. கை ஆட்டிக்கொண்டே வேகமாக நடந்து போய்விட்டது.

"மத்த முயல்லாம் எங்கே?" என்று மாஸ்டரின் மனைவி அருகில் நின்ற காவலரைக் கேட்டாள்.

"நின்னுட்டாங்கம்மா. செலவைக் குறைக்கணும்னு இப்ப இவர் ஒருத்தர்தான். காலையில கோட்டை வாசல்ல, மதியம் குளத்துக்கிட்ட, சாயங்காலம் ஊர்வலம். பாவம், ஓடிட்டே இருக்காரு."

"அம்மா, வாத்தியார் முயல்?" என்றாள் குட்டி.

"ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள் பெரியவள்.

அந்த ஒரு நாளில் அவர்கள் நின்ற வரிசைகளை நினைத்தால் மாஸ்டருக்கு முழங்கால் இன்றைக்கும் வலிக்கும். சாதாரண டிக்கெட்காரர்கள் ஒரு பக்கம் வளைந்து வளைந்து நிற்க, கையில் பச்சைப் பட்டை கட்டியவர்கள் மறுபக்கம் விறுவிறுவென்று போனார்கள். பட்டைக்குத் தனிக் காசு. பார்த்துப் பார்த்து வயிறெரிந்து எல்லோரும் பட்டை வாங்கியதில், மதியத்துக்கு மேல் பச்சைப் பட்டை வரிசையும் வளைந்துவிட்டது. உடனே பூங்காக்காரர்கள் தங்கப் பட்டை விற்க ஆரம்பித்தார்கள். பெரிய ராட்டினத்தில் குட்டியை ஏற்றவில்லை, உயரம் பத்தாதாம். அவள் அம்மா கொண்டையைத் தூக்கிக் கட்டிப் பார்த்தாள். அளக்கும் பெண் சிரித்துக்கொண்டே கொண்டையை அமுக்கிவிட்டு, "அடுத்த வருஷம் வாங்க செல்லம்" என்றாள். குட்டி அங்கேயே அழ ஆரம்பித்தாள். அடுத்த வருடம் என்றதும் மாஸ்டர் மனதுக்குள் டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்தார்.

மாஸ்டரும் பெரியவளும் மட்டும், ஏறி இறங்கிக் கவிழும் ரோலர் கோஸ்டரில் ஏறினார்கள். உச்சியில் போய் ஒரு நொடி நின்று கவிழ்ந்தபோது, மாஸ்டர் இரண்டு காலாலும் முன்னால் இருந்த தகரத்தை மிதித்த மிதியில் செருப்பு ஒன்று பறந்து போனது. இறங்கியதும் பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் காதிலிருந்து ஒயரைக் கழற்றியது அப்போதுதான். "அப்பா, கிளட்சையும் சேர்த்துப் புடிச்சீங்களா?" செருப்பைத் திருப்பி வாங்க ஒரு கவுன்டர் இருந்தது. நல்ல வேளை, அதற்குக் காசு கேட்கவில்லை. கேட்க மறந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை, வரவேற்பறையில் டை கட்டிய ஓர் இளைஞன் அவர்களை மறித்தான். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'மகிழ்ச்சி ஆலோசகர்' என்று இருந்தது.

"சார், மேடம், நீங்க எங்க சிறப்பு விருந்தாளிங்க. உங்களுக்கு இலவசக் காலை உணவு. கூடவே நாலு தங்கப் பட்டை. அதுவும் இலவசம்."

இலவசம் என்ற சொல்லை அந்த வளாகத்துக்குள் மாஸ்டர் கேட்பது அதுதான் முதல் தரம். காது தவறிக் கேட்டுவிட்டதோ என்று மனைவியைப் பார்த்தார்.

"சும்மாவா?"

"சும்மாதான் சார். சாப்பிடுறப்ப எங்க கிளப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுவோம். அவ்வளவுதான்."

கூட்டிப் போன அறையில் நல்ல ஏசி. வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒரு ஆலோசகர். முட்டை, ரொட்டி, பழச்சாறு எல்லாம் வந்தன. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பொம்மைகளோடு உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடம் என்றது வளர்ந்துகொண்டே போனது. விஷயம் இதுதான்: இப்போது ஒரு பெரிய தொகை கட்டி உறுப்பினராகிவிட்டால் ஆயுள் முழுக்க வருடத்தில் ஒரு வாரம் இங்கே அறை சொந்தம். பராமரிப்புக்கு மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கட்ட வேண்டும்.

"விலை ஏறிக்கிட்டே போகுதுன்னு கவலைப்படுறீங்க இல்லையா சார்? இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா இனிமே உங்களுக்கு விலையே ஏறாது."

"பராமரிப்புக் காசு ஏறுமா?" என்று மாஸ்டரின் மனைவி கேட்டாள்.

"அது... சும்மா லேசா மேடம். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தம்பி, நான் ரத்தம் எடுக்கிற இடத்துல வேலை பார்க்கிறேன். ஊசி குத்தறதுக்கு முன்னாடி நாங்களும் 'சும்மா எறும்பு கடிச்ச மாதிரி'ன்னுதான் சொல்லுவோம்."

பக்கத்து மேசையில் ஒருவர் பழச்சாறு புரையேறி இருமினார். ஆலோசகர் அசரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"நான் சொன்னா நம்ப வேண்டாம் மேடம். உங்க குடும்பத்துலயே எங்க வைர உறுப்பினர் இருக்காரே, அவரைக் கேளுங்க. அவர் பேரைச் சொல்லித்தானே வந்திருக்கீங்க? நீங்க சேர்ந்தா அவருக்கு இந்த வருஷப் பராமரிப்புல பாதி தள்ளுபடி. குடும்பத்துக்குக் குடும்பம் உதவி!" என்று சுவரைக் காட்டினார்.

சுவர் முழுக்க உறுப்பினர்களின் படங்கள். மூன்றாவது வரிசையில் சகலை. முழங்கை நீளத்துக்கு ஒரு தங்க நிற அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அக்கா. சகலை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பல் பிடுங்கப் போகிறவர் டாக்டருக்கு மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பு அது. அக்கா சிரிக்கவே இல்லை.

மாஸ்டர் கை கழுவ எழுந்தவர் திரும்பி உட்காரவில்லை. மனைவியும் எழுந்தாள். போகும்போது, "முட்டை நல்லா இருந்துச்சு தம்பி" என்று மட்டும் சொன்னாள். தங்கப் பட்டை கிடைக்கவில்லை. அது கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தானாம்.

ஊர் திரும்பும் வழி முழுக்க மாஸ்டர் கொதித்தார். "என்னை வித்துட்டாருடி. பாலிசி விக்கிற மாதிரி என்னையே வித்துட்டாரு!"

"விக்கலையே. நாமதான் வாங்கலையே."

"அதில்ல. நம்ம குட்டி அங்க அழுதா பாரு, அந்தக் கண்ணீருக்கு அவர் பாதித் தள்ளுபடி வாங்கப் பார்த்தாரு. ஞாயித்துக்கிழமை போறேன். நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"கேளுங்க. ஆனா அக்கா முன்னாடி கேக்காதீங்க. அந்தப் படத்துல அவ மூஞ்சியைப் பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமை சகலை வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க வாங்க! எப்படி இருந்துச்சு? கோட்டை தெரிஞ்சுதா?" என்றார்.

"வண்டி நிறுத்துற இடம் தெரிஞ்சுது" என்றார் மாஸ்டர். "வாங்க சகலை, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்."

டிரைவிங் ஸ்கூல் காரில் சகலை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்தில். தெருமுனை திரும்பியதும் மாஸ்டர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுவத்துல உங்க படம் நல்லா வந்திருக்கு. சாவிதான் கொஞ்சம் பெருசு."

கார் நடுத் தெருவில் நின்றது. இந்தத் தடவை பிரேக் பிடித்தது சகலை. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டுப் போனார். மாஸ்டர் நாலு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது, முதல் நாள் வண்டியை மரத்தில் மோதிவிட்ட மாணவனைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சகலை. அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மாஸ்டருக்குத் தொழிலே விடவில்லை.

"ஓரமா போடுங்க சகலை. இண்டிகேட்டர் போட்டுட்டுப் போடுங்க."

ஓரமாகப் போட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷமா நான் எத்தனை பேரை உக்கார வச்சுப் பேசியிருக்கேன். அந்தச் சின்னப் பய என்னை உக்கார வச்சுப் பேசுனான். அவன் அடுத்து என்ன சொல்லப் போறான்னு எனக்கு முன்னாடியே தெரியுது சகலை. எல்லாம் நான் சொல்றதுதான். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்!"

"ஏன்?"

"நல்லா பேசுனான்" என்றார் சகலை பரிதாபமாக. "தொழில்காரன் தொழில்காரனுக்குக் குடுக்கிற மரியாதை மாதிரி ஆயிப்போச்சு."

மாஸ்டர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. சகலை முறைத்தார். பிறகு அவருக்கும் வாய் கோணியது. இரண்டு பேரும் அந்தக் குட்டிக் காரில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அந்தத் தனி வழி?" என்றார் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எந்த வழியுமில்ல. நாங்க எதுலயும் ஏறவே இல்லை. முதல் நாள் முழுக்க அந்த ஏசி ரூம்ல, ரெண்டாவது நாள் முழுக்க உங்க அக்காகிட்ட திட்டு. பால்கனிப் படம், அந்தப் பையன் விளம்பரத்துக்கு வச்சிருக்கிற சாம்பிள் ரூமைக் காட்டுறப்ப எடுத்தது. வந்ததிலிருந்து எல்லார்கிட்டயும் பிரமாதம் பிரமாதம்னு சொல்லிட்டு இருக்கேன். ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றது? ஏமாந்தவன்கிட்ட யாரு பாலிசி எடுப்பா?" ஸ்டியரிங்கைத் தடவினார். "உங்களை மாட்டிவிடப் பார்த்தது தப்புதான் சகலை. விடுமுறையில எப்பக் கேட்டாலும் ரூம் காலி இல்லேங்குறாங்க. காசு மட்டும் கட்டச் சொல்றாங்க. பாதியாவது குறையுமேன்னு..."

"எப்பதான் காலியாம்?"

"கொட்டுற மழைக்காலத்துல. வாரத்து நடுவுல."

வீடு திரும்பியபோது அக்காவும் தங்கையும் சமையலறையில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் விஷயம் வெளியே வந்துவிட்டது. "இவருக்குக் காது மாட்டி விட்டப்பவே எனக்குத் தெரியும், அடுத்து மொட்டையும் அடிப்பாங்கன்னு" என்றாள் அக்கா. சகலை தலையைக் குனிந்துகொண்டு போய் தண்ணீர் குடித்தார்.

கட்டியது கட்டியாகிவிட்டது. வீணாக விடுவானேன் என்று, மழைக்காலத்தில் பள்ளிக்கு ஒரு சின்ன விடுமுறை வந்தபோது இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்பின. வைர உறுப்பினருக்குக் கிடைத்தது நல்ல பெரிய அறை; நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் கோட்டை உண்மையாகவே தெரிந்தது. அதன்மேல் பாதி தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். முக்கால்வாசி சவாரிகள் ஓடவில்லை. ஓடியவற்றில் வரிசையே இல்லை. சுற்றும் குதிரைகளில் இவர்கள் மட்டும் இருந்ததால், இறங்குவதற்கு முன்பே அதை ஓட்டுகிற ஆள் "இன்னொரு ரவுண்டு போறீங்களா?" என்று கேட்டார். மீதி நேரம் கட்டிலில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடினார்கள். அக்கா வீட்டிலிருந்தே கெட்டிலும் தேயிலையும் எடுத்து வந்திருந்தாள். சகலை ஆட்டத்தில் கள்ளத்தனம் செய்து பெரியவளிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். "பெரியப்பா, இதுக்கும் பாதித் தள்ளுபடியா?" என்று அவள் கேட்டதில் மாஸ்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. சகலை கோபிக்கவில்லை. "இதுக்கு முழுத் தள்ளுபடி" என்று சீட்டைப் போட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் காலை உணவு அறையில் அவர்களைத் தவிர ஓர் இளம் ஜோடி மட்டும் இருந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் அதே மகிழ்ச்சி ஆலோசகர். மழையில் கூட்டம் வராத சோர்வு முகத்தில் தெரிந்தது. அந்தக் கணவன் பேனாவை எடுத்துவிட்டான். மனைவிதான் குழந்தையைத் தட்டிக்கொண்டே தயங்கினாள். ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். சகலையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதோ பாருங்க, எங்க வைர உறுப்பினரே குடும்பத்தோட வந்திருக்கார்! சார், இவங்களுக்கு உங்க அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்."

மேசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சகலை வாயைத் துடைத்தார், எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாஸ்டருக்கு அந்தச் சட்டை இழுப்பு தெரியும். ஒவ்வொரு பாலிசிக்கு முன்னாலும் அது நடக்கும். "சகலை, உக்காருங்க" என்று கிசுகிசுத்தார். அவர் உட்காரவில்லை. அந்த ஜோடியின் மேசை அருகே போய் நின்றார்.

"ரூம் நல்லா இருக்கும் தம்பி" என்று ஆரம்பித்தார். ஆலோசகர் தலையாட்டினார். "கிடைச்சா."

ஆலோசகரின் தலை நின்றது.

"வேலை செய்றவங்க எல்லாரும் நல்லவங்க. இந்தத் தம்பியும் நல்ல தம்பி, எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு நல்லா பேசுறவர் என் ஆபீஸ்லயே கிடையாது. அதனாலதான் சொல்றேன். முட்டை ரொம்ப ருசி. வயிறார சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு அந்தச் சுத்துற குதிரையில போய் ஏறுங்க, இன்னைக்கு வரிசையே இல்லை. கையெழுத்துப் போடணும்னு தோணுச்சுன்னா, வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சுப் போடுங்க."

"இன்னைக்குப் போட்டாத்தான் இந்த விலைன்னு சொன்னாரே சார்?" என்றான் அந்தக் கணவன்.

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. நான் அன்னைக்கே போட்டேன்." சகலை குரலில் வருத்தம்கூட இல்லை. "எனக்கு என் வீட்டுக்காரி வேண்டாம் வேண்டாம்னு மேசைக்கு அடியில காலை மிதிச்சா. நான் கேக்கலை. உங்க வீட்டுக்காரம்மா யோசிக்கிறாங்க பாருங்க. அவங்களைக் கேளுங்க."

அந்தப் பெண் நன்றியோடு சிரித்தாள். கணவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டான். ஆலோசகர் படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். சகலை அவர் தோளில் தட்டி, "எப்பவாவது வேலை மாறணும்னா என்னை வந்து பாருப்பா" என்று தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

சகலை திரும்பி வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் பழச்சாற்றை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீங்க ஒரு நல்ல பாலிசி வித்திருக்கீங்க" என்றாள்.

"கமிஷன்தான் இல்லை" என்றார் சகலை, முட்டையை வாயில் போட்டுக்கொண்டே.

வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. படகுச் சவாரியைத் திறந்துவிட்டார்கள் என்று குட்டி ஓடி வந்து சொன்னாள். எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.